எண்மரை மணந்தவன் ஒருவனா? சீவகனின் பண்பொருமை பற்றி ஒரு மொழியியல் நோக்கு

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணி மணநூல் என்னும் பெயராலும் வழங்கி வருகிறது. எட்டு மகளிரை மணந்து, தந்தை இழந்த நாட்டை மீட்டு, அரசாண்டு, இறுதியில் துறவு பூண்டு வீடு பெற்ற ஒருவனின் வரலாறு இதன் பொருள். உ. வே. சாமிநாதையர் 1887இல் இந்நூலை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த நாள்முதல் இதன் சொல்வளம், விருத்தப்பாவின் ஓட்டம், சமணக் கொள்கைக் குறிப்புகள் ஆகியன பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளன. தலைவனின் பண்பு பற்றி எழுதப்பட்டவை மட்டும் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவோ குற்றச்சாட்டிற்கு விடையாகவோ அமைந்துவிட்டன.

குற்றச்சாட்டு பழமையானது. சோழ மன்னன் சிந்தாமணியின் இன்பச் சுவையில் ஈடுபட்டிருந்தான் என்றும், அதனின்று அவனை மீட்கவே சேக்கிழார் அடியார் வரலாறு பாடினார் என்றும் சைவ மரபு கூறுகிறது. சமண முனிவர்க்குத் துறவு பாடத் தெரியுமேயன்றி இன்பம் பாடத் தெரியாது எனப் புலவர் சிலர் கூற, அதனை மறுக்கவே தேவர் இந்நூலைப் பாடினார் என்பது மற்றொரு மரபு. இரண்டு மரபும் வரலாறாகக் கொள்ளத்தக்கன அல்ல. எனினும் இரண்டும் ஒரே ஐயத்தைச் சுட்டுகின்றன: இத்தனை பேரை விரும்பியவன் எவ்வாறு ஒருவனாக இருக்க முடியும்? யாழ் மீட்டிக் காந்தருவதத்தையை வென்றவனும், கிழவேடத்தில் சுரமஞ்சரியின் மாளிகைக்குள் நுழைந்தவனும், குரங்கின் கையிலிருந்து பலாக்கனி பறிக்கப்படுவதைக் கண்டு அரசினையே வெறுத்தவனும் பெயரால் மட்டும் ஒருவரா?

இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை சமயம் சார்ந்தது. வினைப்பயன் நுகர்ந்து தீர்ந்த பின்னரே துறவு நிலைபெறும். எனவே எட்டு மணமும் வீட்டுநெறியின் படிகள் என்பர். இவ்விடை நூலின் கொள்கைக்குப் பொருந்துவதே. ஆனால் அது நூலுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்படும் விடை. எந்தத் தலைவனையும் இவ்வாறு காப்பாற்றிவிடலாம். நூலின் மொழியிலேயே பண்பொருமைக்குச் சான்று உண்டா என்பதே மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கேட்கவேண்டிய வினா.

இலம்பகப் பெயர்கள்

நூலின் பதின்மூன்று இலம்பகங்களுள் ஒன்றேனும் தலைவன் பெயரால் அமையவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நாமகள், மண்மகள், பூமகள் என்பன கல்வி, நிலம், திரு ஆகியவற்றைப் பெண்ணாக உருவகித்த பெயர்கள். கோவிந்தையார் முதல் இலக்கணையார் வரையுள்ளவை மகளிரின் பெயர்கள். அவை அனைத்தும் 'ஆர்' என்னும் உயர்வுப்பன்மை ஈறு பெற்றுள்ளன. எஞ்சிய முத்தியும் மரபில் பெண்ணாகக் கருதப்படுவதே. தலைவன் பெயர் நூலின் பெயரில் மட்டுமே உள்ளது. ஒவ்வோர் இலம்பகமும் ஒரு பெண்ணின் உலகம். அவ்வுலகிற்குள் வந்து செல்பவனாகவே தலைவன் அமைகிறான்.

இவ்வமைப்பிற்கு மிக அண்மையான இணை இன்று கிடைப்பது எதிர்பாராத ஓரிடத்தில்: ஜப்பானியர் கணினிக்கென ஆக்கிய காட்சிப் புதினங்களில். படமும் இசையும் எழுத்தும் கலந்து திரையில் விரியும் இக்கதைகளில் சில இடங்களில் படிப்பவர் தலைவனின் செயலைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்வுக்கேற்பக் கதை வெவ்வேறு வழிகளில் பிரியும். காதற்கதைகளில் ஒவ்வொரு வழியும் பெரும்பாலும் ஒரு தலைவிக்கு உரியது. வழிக்கு வழி தலைவன் வேறு ஆளாகிவிடுகிறானா என்பது அத்துறைத் திறனாய்வில் தொடர்ந்து எழும் வினா.

2004இல் டைப்-மூன் வெளியிட்ட ஃபேட்/ஸ்டே நைட் இதற்குத் தக்க சான்று. அதில் மூன்று வழிகள் உள்ளன; அவற்றை வரிசை மாற்றிப் படிக்க இயலாது. தலைவன் எமியா ஷிரோ, எல்லாரையும் காக்கும் நீதியின் துணைவனாக வாழ்வது என்னும் குறிக்கோளுடையவன். முதலிரு வழிகளிலும் அதனை விடாது பற்றுகிறான். மூன்றாம் வழியில் சக்குரா என்னும் ஒருத்திக்காக அதனைக் கைவிடுகிறான். இது பண்பு முரண் என்று கொள்வோர் உண்டு. ஆயினும் கைவிடுவது தனக்கு எத்துணை இழப்பு என்பதை அவன் உணர்ந்தே கைவிடுகிறான். குறிக்கோள் அற்றவனுக்கு அவ்விழப்பு நேர வழியில்லை. ஆகவே செயல் மாறினும் செயலை அளக்கும் அளவுகோல் மாறவில்லை எனலாம். பண்பொருமையைச் செயலின் ஒப்புமையில் தேடுவதைவிட அளவுகோலின் ஒப்புமையில் தேடுவதே பொருத்தம்.

எனினும் சிந்தாமணிக்கும் இவ்வகைக் கதைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே வழிகள் 'அல்லது' என்னும் உறவுடையவை. ஒரு வழியில் நிகழ்ந்ததைப் படிப்பவர் அறிவார், தலைவன் அறியான். சிந்தாமணியின் இலம்பகங்களோ 'உம்' என்னும் உறவுடையவை. சீவகனுக்கு நினைவு உண்டு. அவன் மணந்த மகளிருக்கும் நினைவு உண்டு. யானையிடமிருந்து மீட்ட குணமாலையை மறக்க இயலாமல் அவளுருவைச் சீவகன் ஓவியமாக எழுதுகிறான். அதனைக் காந்தருவதத்தை கண்டு ஊடுகிறாள். குணமாலை விடுத்த கிளி அவ்வூடலைப் பார்த்துக் காத்திருக்கிறது. பின்னர்க் கனகமாலையார் இலம்பகத்தில் தத்தை எழுதிய ஓலை நந்தட்டன் வழியாக ஏமமாபுரத்திற்கு வந்து சேர்கிறது. அதில் விரித்துரைக்கப்படுவது குணமாலையின் துயரம். தன் துயரைச் சொல்லத் தத்தைக்கு மற்றொருத்தியின் பெயர் தேவைப்பட்டது போலும். எவ்வாறாயினும், ஒரு வழியின் தலைவி மற்றொரு வழியின் நடுவே தன் குரலை நுழைக்கும் இவ்விடம் காட்சிப் புதினத்தில் நிகழவொண்ணாதது. பண்பொருமைக்கான சோதனை சிந்தாமணியில் அதனினும் கடுமையானது.

தன்மையும் முன்னிலையும்

ஒரு பாத்திரம் தன்னிலை மாறாதிருப்பதை மொழி எங்கே குறிக்கிறது? இது மொழிக்கு மொழி வேறுபடும். ஜப்பானியத்தில் பேசுவோர் தம்மைச் சுட்டப் பல சொற்கள் உள்ளன. வதாஷி என்பது பணிவும் பொதுமையும் உடையது. ஓரே என்பது ஆண்மைத் தோற்றமும் நெருக்கமும் உடையது. ஷிரோ தன்னை ஓரே என்றே கூறுகிறான். அவனுடைய எதிர்கால வடிவான ஆர்ச்சர் தன்னை வதாஷி என்கிறான். உள்ளம் நெகிழும் சில இடங்களில் மட்டும் பழைய ஓரே அவன் வாயில் வந்துவிடுகிறது. ஒரு பெயர்ச்சொல்லே இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. 2024இல் அதிகாரபூர்வமாக வெளிவந்த ஆங்கில வடிவிற்கு இவ்வசதி மொழியளவிலேயே இல்லை. ஆங்கிலத்தில் தன்மை ஒருமைச் சொல் ஒன்றே.

தமிழிலும் நிலை அதுவே. யான், நான் என்பவற்றிடையே உள்ளது காலவேறுபாடும் நடைவேறுபாடும். அவை ஆள்பண்பைக் காட்டா. தமிழ் நுட்பமாக வேறுபடுத்துவது முன்னிலையை: நீ, நீர், நீங்கள், அவற்றோடு இயையும் வினைமுற்று, விளிப்பெயர், முறைப்பெயர். சுருங்கச் சொன்னால் ஜப்பானியத்தில் பேசுவோன் தன்னைத் தேர்ந்துகொள்கிறான். தமிழில் எதிரிலிருப்பவரைத் தேர்ந்துகொள்கிறான். எனவே எண்மரோடு உரையாடும் தமிழ்த் தலைவன் எட்டு விதமாகத் தோன்றுவது மொழியின் இயல்பே. வித்தியாதர வேந்தன் கலுழவேகனின் மகளிடம் பேசுவதும், வணிகன் சாகரதத்தன் மகள் விமலையிடம் பேசுவதும் ஒரே விளியில் அமையவேண்டியதில்லை. செய்யுளில் தலைவன் தலைவியை 'நீ' என ஒருமையில் கூறும் மரபு இவ்வேறுபாட்டை ஓரளவு மறைத்துவிடுகிறது. உரைநடையில் மறைக்க இயலாது.

ஆகவே காதலுரைகளைத் தொகுத்து அவற்றிடையே ஒருமை தேடுவது பயனற்ற முயற்சி. அவ்வுரைகள் அகத்திணை மரபின் பொதுச்சொத்து. கூற்றுக்குரியவனைவிடக் கேட்போளையே அவை மிகுதியும் காட்டும். சீவகனைக் காணவேண்டிய இடம் அவன் சொல்லுவனவற்றில் இல்லை. அவன் சொல்லாது விடுவனவற்றில் உள்ளது.

சொல்லாமல் செல்லுதல்

சீவகனின் வாழ்வே மறைக்கப்பட்ட செய்தியொன்றில் தொடங்குகிறது. சுடுகாட்டில் அவனை ஈன்ற விசயை சிந்தாமணி என விளிக்கிறாள்; அவன் தும்மியபோது எழுந்த 'சீவ' என்னும் வாழ்த்து அவன் பெயராயிற்று. இரண்டு பெயரும் அவன் யார் மகன் என்பதைக் கூறவில்லை. கந்துக்கடன் என்னும் வணிகன் வீட்டில் வணிகன் மகனாக வளர்கிறான். ஆசிரியர் அச்சணந்தி ஒரு நாள் அவன் பிறப்பை அவனுக்கு உணர்த்துகிறார். உடனே, ஓராண்டு வரை கட்டியங்காரன்மேல் சினந்து எழலாகாது என வாக்கும் பெறுகிறார். காப்பியத்தின் நடுப்பகுதி முழுவதும் அவ்வாக்கின் நிழலில் நடைபெறுகிறது. தான் யார் என அறிந்தும் சொல்லக்கூடாதவன்; வெல்ல வல்லவனாயினும் வெல்லக்கூடாதவன். யானையை அடக்கியதற்காகக் கட்டியங்காரன் சிறைப்படுத்த ஆளனுப்பியபோது அவன் எதிர்க்காது நின்றதன் காரணம் இவ்வாக்கே. வீரக் குறைவு அதற்குக் காரணமன்று. சுதஞ்சணன் என்னும் தேவன் வந்து அவனை மீட்கிறான்.

கோவிந்தையாரின் செய்தியும் இவ்வகையில் ஆராயத்தக்கது. வேடர் கவர்ந்த ஆநிரையை மீட்டுத் தந்தவனுக்கு ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகளைத் தர முன்வருகிறான். சீவகன் மறுக்கவில்லை, தன் தோழன் பதுமுகனுக்காக அக்கொடையை ஏற்கிறான். ஏற்றல் என்னும் வினையில் மாற்றமில்லை. யாருக்கு என்னும் நான்காம் வேற்றுமைப் பொருள் மட்டும் மாறிவிடுகிறது. குலவேறுபாடு காரணம் என்பது வெளிப்படை. இக்கால வாசகர்க்கு இது உவப்பாகாது, உவப்பாக வேண்டுமென்பதுமில்லை. ஆனால் கொடுப்போன் முகம் சுருங்காமல், தன் மனத்தையும் வெளியிடாமல், ஓர் உருபில் செயலை முடித்துக்கொள்ளும் திறன் சீவகனின் நிலையான பண்பு. மணங்களின் வரிசை அவன் மணந்துகொள்ளாத ஒருத்தியில் தொடங்குவதும் தற்செயல் அன்று.

அடுத்து வருவன பிரிவுகள். பல்லவ நாட்டில் பாம்பு தீண்டிய பதுமையின் நஞ்சை நீக்கி அவளை மணக்கிறான். ஓர் இரவு அவளிடம் சொல்லாமலேயே நீங்குகிறான். தக்க நாட்டில் ஆடவர் எவரைக் கண்டும் நாணாத கேமசரி இவனைக் கண்டு நாணுகிறாள்; அவளையும் மணந்து அவ்வாறே நீங்குகிறான். இவ்விரண்டு இலம்பகங்களும் அமைப்பில் மிகுதியும் ஒத்திருப்பது நூலின் குறை எனக் கூறுவதில் தவறில்லை. மகளிரின் புலம்பல் இரண்டாம் முறை வரும்போது படிப்பவர் மனம் முன்போல் நெகிழ்வதில்லை. ஆயினும் அம்மீட்சியே தலைவனின் பண்பைத் தெளிவாக்குகிறது. சொன்னால் போக முடியாது. போகாவிட்டால் ஆசிரியர்க்குத் தந்த வாக்கும் சுதஞ்சணன் வகுத்த வழியும் நிறைவேறா. காரணம் சொல்லப் புகுந்தால் பிறப்பைச் சொல்லவேண்டும். எனவே மௌனம். இது கொடுமையானது, புலவரும் அதனை இனிமையாக்க முயலவில்லை. பழி முழுவதும் அம்மகளிரின் புலம்பல் வழியாக அவன்மேல் விழும்படி விட்டுவிடுகிறார். கனகமாலையின் ஊரிலிருந்து அவன் நீங்கும்போது தம்பியும் தோழரும் சூழ்ந்திருக்கின்றனர். இரவில் ஒளிந்து செல்லும் நிலை அங்கு இல்லை. சூழல் மாறியவுடன் செயலும் மாறுகிறது. முன்னைய மௌனம் அவன் இயல்பான நெஞ்சின்மை அன்று என்பதற்கு இதுவே சான்று.

ஒருமை உடையுமாயின் அது சுரமஞ்சரியாரிடத்தில்தான் உடையவேண்டும். சுண்ணப் போட்டியில் தன்னுடையதைவிடக் குணமாலையின் சுண்ணமே சிறந்தது எனச் சீவகன் தீர்ப்புக் கூறியதால் ஆடவரையே காண்பதில்லை எனச் சூளுற்றவள் அவள். தோழன் புத்திசேனனின் கேலிச்சொல்லைப் பொறாமல் சீவகன் முதிய அந்தணனாக வேடமிட்டு அவள் மாளிகை புகுகிறான். அதுவரை கடமையாக இருந்த மறைப்பு இங்கே விளையாட்டாகிவிடுகிறது. தாயைத் தண்டகாரணியத்தில் கண்டு தேற்றி வந்தவன், பகைவன் ஆளும் ஊருக்குள் நின்று இவ்வாறு விளையாடலாமா என்னும் வினா நியாயமானது. நூல் இவ்விடத்தில் சற்றே நெகிழ்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

எனினும் மொழிச் சான்று வேறொன்று கூறுகிறது. வந்த காரணம் வினவப்பட்டபோது குமரி ஆடுதற்கு வந்ததாக முதியவன் கூறுகிறான். கேட்போர்க்கு அது குமரித் தீர்த்தம், கூறுவோனுக்குக் கன்னிப்பெண். வேடம் பொய்; சொல் பொய்யன்று. கேட்பவர் தாமே தவறாகப் பொருள்கொள்ளும்படி உண்மையைக் கூறுவது, ஓராண்டுக் காலம் தன்னை மறைத்து வாழ்ந்தவன் பழகிய கலை. பின்னர் அவன் பாடுகிறான். அப்பாடல் சீவகன் பாடலை ஒத்திருப்பதாக மகளிர் உணர்கின்றனர். உருவம் முற்றும் மாறியும் குரல் மாறவில்லை. காமன் கோட்டத்தில் படிமத்தின் பின்னே மறைந்து தெய்வம்போல் பேசுபவன் புத்திசேனனே அன்றிச் சீவகன் அல்லன் என்பதும் கருதத்தக்கது. நேரடியான பொய்யைத் தோழனுக்கு ஒதுக்கித் தலைவனைச் சிலேடையோடு நிறுத்திக்கொண்டது புலவரின் கவனத்தைக் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளர் முன் உள்ளவை

சீவகன் கதை தமிழில் மட்டும் வழங்குவதன்று. வாதீபசிம்மரின் கத்யசிந்தாமணி, சத்திரசூடாமணி என்னும் வடமொழி நூல்கள் இரண்டும் இதே வரலாற்றைக் கூறுகின்றன. அவற்றுக்கும் தமிழ்நூலுக்கும் உள்ள முன்பின் உறவு நெடுநாள் வாதத்திற்குரியது. கன்னடத்தில் பாஸ்கரரின் ஜீவந்தர சரிதை 1424இல் எழுந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தெரக்கணாம்பி பொம்மரசர் சாங்கத்திய யாப்பில் இதனைப் பாடினார். தெரக்கணாம்பி மைசூருக்குத் தெற்கே, 1997இல் மைசூர் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. ஒரே தலைவன் மொழிக்கு மொழி எவ்வாறு நிற்கிறான் என ஒப்பிட விரும்புவோர்க்கு மைசூரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

ஒப்பீட்டிற்குச் சத்திரசூடாமணி ஒன்றே பெரிதும் உதவும். அதன் செய்யுள்களில் முற்பாதி நிகழ்ச்சியையும் பிற்பாதி அதற்குரிய நீதியையும் கூறுவது பெருவழக்கு. தலைவன் ஒன்றைச் செய்தவுடன் அதற்கான பொதுநெறி பின்தொடர்ந்து வந்து அவனைத் தாங்கிவிடுகிறது. படிப்பவர் ஐயுற இடமில்லை. தமிழ்நூலில் அத்தகைய உடனடித் தாங்கல் இல்லை. பதுமையின் படுக்கையை விட்டு எழுந்து செல்பவனை எந்த நீதிமொழியும் உடன்சென்று காப்பதில்லை.

தமிழ்நூலை மொழிபெயர்ப்போரும் உரைநடையாக்குவோரும் இவ்விடைவெளியைத் தாமே நிரப்பிவிடும் விருப்பத்திற்கு எளிதில் ஆளாவர். 'கடமை அழைத்தது', 'கனத்த மனத்துடன் பிரிந்தான்' என்பன போன்ற தொடர்கள் பேனாவின் நுனியில் காத்திருக்கின்றன. ஒரு தொடரைச் சேர்த்தவுடன் சீவகன் நல்லவனாகிவிடுவான். ஆனால் அவன் சீவகன் அல்லன். ஜேம்ஸ் ரயனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் முதல் 1165 பாடல்களோடு வெளிவந்தது. விஜயவேணுகோபாலுடன் இணைந்து எஞ்சிய பகுதிகளும் தொடரப்பட்டன. முதற்பகுதி குணமாலையோடு நிற்கிறது. இரவுப் பிரிவுகள் அதற்கு அப்பால் உள்ளன. முதற்பகுதியை மட்டும் படித்தவர் அறியும் சீவகன் வீரனும் கலைஞனுமே ஆவான். சொல்லாமல் செல்பவனை அவர் இன்னும் சந்திக்கவில்லை.

இக்காலத் தமிழ் உரைநடையில் இதனை எழுதுவோர்க்கு மற்றோர் இடர் உண்டு. செய்யுளின் ஒருமை 'நீ'யை அவ்வாறே வைப்பதா, தத்தைக்கும் இலக்கணைக்கும் வேறு விளி தேடுவதா? சுரமஞ்சரி முதியவரிடம் 'தாங்கள்' என்று தொடங்கி, வேடம் கலைந்த நொடியில் எதற்கு மாறுவாள்? இங்கே பொதுவிதி கூற இயலாது. ஆனால் முன்னிலை வேறுபாடுகளைக் கூட்டக்கூட, சீவகன் எட்டாகச் சிதறும் தோற்றமும் கூடும் என்பதை நினைவில் வைத்தல் நலம். அதனை ஈடுசெய்ய அவனுடைய மௌனங்களையும் சிலேடையையும் சிதையாமல் காத்தாகவேண்டும்.

முத்தி இலம்பகத்தில் இம்மௌனம் முடிவுக்கு வருகிறது. கடுவன் மந்திக்குத் தந்த பலாச்சுளையைக் காவலன் பறித்ததைக் கண்டு, தான் கட்டியங்காரனிடமிருந்து நாட்டைப் பறித்ததும் இத்தகையதே என உணர்கிறான் சீவகன். தத்தை ஈன்ற மகனுக்கு முடிசூட்டுகிறான். அம்மகன் பெயர் சச்சந்தன். பிறந்த நாளில் கூறப்படாத தந்தையின் பெயர் இவ்வாறு அரியணைக்குத் திரும்புகிறது. பின்னர் மனைவியரிடம் தான் செல்வதைச் சொல்லுகிறான். அவர்கள் அழுகின்றனர், அவன் அறம் கூறுகிறான், அவர்களும் துறவு பூணுகின்றனர். பதுமையும் கேமசரியும் அக்கூட்டத்தில் உள்ளனர். முன்னொரு நாள் விழித்தெழுந்து வெற்றுப் படுக்கையைக் கண்ட இருவரிடமும் இம்முறை அவன் நேர்நின்று விடைபெறுகிறான். மொழிபெயர்ப்பாளர் முன்னைய இரவுகளுக்கு 'விடைபெற்றான்' என்னும் சொல்லைச் செலவழித்திருந்தால், இங்கே வைப்பதற்கு அவர் கையில் சொல் இராது.